அண்ணன் பின்னிவிட்ட சடை

அண்ணா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் எனக்கு எதிரே ஓர் இளைஞர் தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டு வந்தார். ரிப்பனைப் பல்லில் கடித்திருந்தார். பெட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் பொன்னேரியில் இறங்க மறந்துவிட்டேன்.

நீயும் ரிப்பனை அப்படித்தான் கடித்துக்கொள்வாய். அம்மா நெஞ்சு வியாதியோடு சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் அது. உனக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. நைனா விடியும் முன்பே தண்டவாள வேலைக்குப் போய்விடுவார். நீ சோறு வடித்துவிட்டு, என்னை வாசற்படியில் உட்காரவைத்து இரட்டைச் சடை பின்னுவாய். முதல் வாரம் வகிடு கோணியது. பிறகு அம்மாவைவிட இறுக்கமாகப் பின்னினாய். பொன்னேரிப் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்வரை ஒரு முடி கலையாது. பின்னும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய்.

ஒரு நாள், ரயிலுக்குக் கூப்பிட வந்த உன் வகுப்புப் பையன்கள் மூவர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாடா, உங்கூட்ல நீதான் பொம்பளயா?" என்றான் ஒருவன்.

நீ ரிப்பனைக் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். பொன்னேரி வரும்வரை உனக்கு வளையல் வாங்கித் தருவதைப் பற்றியே அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னோடு படித்த பெண்களும் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் நீ வழக்கம்போலச் சீப்போடும் எண்ணெயோடும் வந்தாய். அவ்வளவு கேலிக்குப் பிறகும் வந்தாய். நான்தான் தலையை இழுத்துக்கொண்டேன்.

"நீ பின்ன வேணாண்ணா. எனக்கு வெக்கமா கீது."

சீப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாய்.

அதன் பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். அம்மா குணமாகி வீடு திரும்பியபோது, சாப்பிட்ட தட்டைக்கூட நீ எடுப்பதில்லை. வாசலில் நின்று யாரையோ பார்த்தேன் என்று என்னை ஒருமுறை அறைந்தாய். அடுத்த வருஷம் நான் பெரியவளானேன். நைனா என்னைத் தொடர்ந்து படிக்க அனுப்பத்தான் நினைத்தார். நீ குறுக்கே நின்றாய்.

"வயசுக்கு வந்தவள ரயில்ல அனுப்பிட்டு நான் எப்டி வெளிய தல காட்றது?"

பதினாறு வயதுப் பையனின் பேச்சுக்கு நைனா அடங்கிப்போனார். நான் அழவில்லை. என் அண்ணன் ரொம்பக் கண்டிப்பு என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நல்ல அண்ணன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நானும் நம்பினேன். அழுகை வந்தது பல வருஷம் கழித்து, என் மகள் பாடத்தில் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் தெரியாமல் நின்ற நாளில்தான்.

பிறகு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைகள் வந்தன. நீ அங்கே வேலையில் சேர்ந்து, தலை நரைத்து, ஓய்வும் பெற்றாய். நாம் அந்த நாட்களைப் பற்றிப் பேசியதே இல்லை. கடைசியாக என் வீட்டுக்கு வந்தபோதுதான், சோற்றைப் பிசைந்தபடி நிமிராமல் சொன்னாய்:

"உன்ன படிக்க உட்டுருக்கணும்மா. அந்த வயசுல நாலு பேரு இன்னா சொல்வாங்கன்றதுதான் காதுல உழுந்துது."

அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி, அண்ணா. அவர்கள் சிரித்தபோது நீ தாங்கிக்கொண்டாய். நான் சொன்னதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீ மோர் கேட்டாய். ஊற்றினேன்.

பத்தே நாளில் போய்விட்டாய். உன் பங்கை நீ சொல்லிவிட்டாய். என் பங்கு இன்னும் என்னிடமே இருக்கிறது.