வலப்பக்கத்துப் பெடல்

மே 3, சனி

மழை. விடியக்காலமையிலிருந்து ஒரே தூறல். கராஜ் கதவுக்குக் கீழாலை தண்ணி. பழைய துவாய் ரெண்டு போட்டு அடைச்சன்.

தம்பி மிசினைக் கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போயிட்டான். புல்லு வெட்டுற மிசின், ஏறி இருந்து ஓட்டுறது. பிளேட் எல்லாம் கழட்டியாச்சு. இனி அது புல்லு வெட்டாது, ஓட மட்டுந்தான். எங்கடை வேலைத்தலத்து ரேஜான் தொடக்கி வைச்ச விசர். அவற்றை ஊரிலை கோடைக்கு உதுக்கு ரேஸ் வைக்கிறவையாம், சேத்துக்குள்ளை. போன வருசம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். அண்டையிலிருந்து இவனுக்கு வேறை கதை இல்லை. மனிசி விட்டிட்டுப் போனாப் பிறகு இவன் பல்லுத் தெரியச் சிரிச்சது அண்டைக்குத்தான். அதாலைதான் செய்து தாறன் எண்டனான். இல்லாட்டி எனக்கென்ன வேலையில்லையே.

செய்ய:
பழைய பெடலை வெட்டி எடுக்க. ஒரே பெடல், அமத்தினா பெல்ட்டும் தளரும் பிரேக்கும் பிடிக்கும். ரேஸுக்குச் சரிவராது.
இடக்காலுக்கு கிளச், வலக்காலுக்கு பிரேக், வேறை வேறையா.
பின் அச்சுக்கு பிரேக் டிஸ்க், ரேஜான் தாறாராம்.
பால். வெங்காயம்.

மே 4, ஞாயிறு

மழை விட்டுது. குளிர் விடேல்லை. மே மாசமாம்.

ரெண்டு பெடலும் வெல்டிங்கிலை ஒட்டி முடிச்சன். மூண்டு மில்லி தகடு, வழுக்காமல் இருக்க மேலை கம்பித் துண்டு ஒட்டினது. அசையிற இடத்துக்குப் பைப், அதுக்குள்ளை போல்ட், கிறீஸ். கிழமை முழுக்க டிரெய்லர் சட்டம் ஒட்டுற கை, உதெல்லாம் ஒரு வேலையே. ஒட்டினது வடிவா வந்திருக்கு. நானே நாலுதரம் தடவிப் பாத்தன்.

தம்பியை சீற்றிலை இருத்தி, கால் வைக்கிற இடத்தைச் சோக்காலை கீறினன். வெறுங்கால். கராஜிலிருந்து நேரே குசினி, குசினி வாசல்லை சாமிப்படம், ஒருத்தரும் சப்பாத்தோடை உள்ளை வாறேல்லை. ரேஜானே வாசல்லை கழட்டிப்போட்டுத்தான் வருவார். எனக்கு மட்டும் வெல்டிங்குக்கெண்டு ஒரு சப்பாத்து உள்ளை கிடக்கு.

அவன்ரை கால் கொஞ்சம் வீங்கினமாதிரி. கேட்டன். "நாள் முழுக்க லொறி ஓட்டினா வீங்காதே" எண்டான். கடையளுக்குப் பாண் கொண்டுபோற லொறி. விடிய முன்னம் வெளிக்கிட்டா மத்தியானம்தான் வருவான்.

மே 7, புதன்

நான் வேலையாலை வந்து மேல் கழுவக்கூட இல்லை, தம்பி வந்து நிக்கிறான்.

"அக்கா, பிரேக் லூசு. காலிலை ஒண்டும் தெரியேல்லை."

இறுக்கமான ஸ்பிரிங் மாத்தினன். இன்னும் லூசாம். அதிலும் இறுக்கமானது போட்டன். இன்னும் லூசாம். நான் என்ரை காலை வைச்சு அமத்திப் பாத்தன், முழங்கால் வரைக்கும் நோகுது. இவன் ஏறி இருந்து ஒரு அமத்து. பெடலிலிருந்து, ரேஜான் வேலையிலை தந்துவிட்ட டிஸ்க்குக்குப் போற கம்பி வளைஞ்சு போச்சு.

சரியான கோவம் வந்திட்டுது. "உனக்குக் காலோ கட்டையோ" எண்டு கேட்டன். மற்ற நாளெண்டால் திருப்பி ஒண்டு சொல்லுவான். இண்டைக்குத் தேத்தண்ணியும் குடிக்காமல் போயிட்டான்.

புதுக்கம்பி போட்டு, பழைய ஸ்பிரிங்கையே திரும்பக் கொழுவினன்.

மே 10, சனி

ரேஜான் வந்தார். பிரெஞ்சிலை பொங்சூர், சா வா எண்டு சுகம் விசாரிச்சு முடிச்சு மிசினைச் சுத்திப் பாத்தார். பெடலை மெச்சினார். பேந்து சோக்குக் கோட்டைப் பாத்திட்டுச் சிரிக்கத் தொடங்கினார். ரேஸிலை கணுக்காலுக்கு மேலை வாற பூட்ஸ் போடாமல் ஏற விடமாட்டினமாம். வெறுங்காலுக்கு அளவெடுத்து பெடல் வைச்ச ஆளை இப்பதான் காணுறாராம். எனக்கு வெக்கமாப் போச்சு. ஒருத்தருக்கும் அது தோன்றேல்லையே. பெடல் நிக்கிற இடத்தை வெட்டி மூண்டு விரல் தள்ளி ஒட்டவேணும்.

தம்பி தன்ரை வேலைப் பூட்ஸை வாசல்லை நிண்டு போட்டான். நான் பழைய காட்போட் விரிச்சு விட, அதிலை நடந்து வந்து ஏறினான். அளவெடுத்தன். கனநேரம் எடுத்துது, ரெண்டுதரம் இறங்கி ஏறினான். ரேஜான் போனாப் பிறகு பூட்ஸைக் கழட்டினான். உள்ளையிருந்து ஒரு நட்டு விழுந்துது. பெரிய நட்டு, என்ரை தட்டிலிருந்து உருண்டு அதுக்குள்ளை விழுந்ததாக்கும். காலிலை போட்டிருந்த மேசுக்கு அடியிலை ரத்தம்.

"நோகேல்லையே?"

"என்னது?" எண்டு காலைத் திருப்பிப் பாத்தான்.

மருந்து போட்டுக் கட்டினன். நான் கேக்காமலே சொன்னான். மாரி தொடங்கேக்கையே பாதம் விறைச்சதாம். இப்ப கணுக்காலுக்குக் கீழை ஒண்டும் தெரியாதாம். முக்கியமா வலக்கால்.

"டொக்டரிட்டைச் சொன்னனியே?"

"சொன்னா லைசன்ஸைப் பறிப்பாங்கள். பேந்து நான் என்ன செய்யிறது, வீட்டுக்கை இருந்து சுவரைப் பாக்கிறதே?"

அப்பாவுக்கும் இப்பிடித்தான். சீனி வருத்தம். முதல் பெருவிரல், பேந்து பாதம், பேந்து முழங்காலோடை. தூக்கி இருத்தினது நாங்கள் ரெண்டு பேருந்தான். இவனுக்கு மறந்திருக்காது.

"ஒருத்தருக்கும் சொல்லாதை அக்கா."

மே 11, ஞாயிறு

திரும்ப மழை. சமைக்க மனமில்லை. பாணும் சம்பலும்.

பழைய சைக்கிள் ஹாண்டிலிலிருந்து கழட்டி, கையாலை பிடிக்கிற பிரேக் ஒண்டு செய்தன். நல்லாத்தான் வந்துது. தம்பி மத்தியானம் வந்து பாத்திட்டு, "பெடல் வேணும் எண்டுதானே சொன்னனான்" எண்டு அதை மேசையிலை தூக்கிப் போட்டான். எனக்குக் கிடைச்ச நன்றி அவ்வளவுதான்.

மிசினைப் பற்றி இல்லை என்ரை கவலை. சேத்துக்குள்ளை விழுந்தால் எழும்பலாம். பாண் லொறி கார்டறி வாசல்லையும் நிக்கிறது, சின்னப்பிள்ளையளைப் பகலிலை விட்டுப் பாக்கிற இடம். விடிய சின்னனுகள் தாய்மாற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு அந்த ரோட்டைக் கடக்கிற நேரம். இவன் பிரேக்கை அமத்திறான் எண்டு இவனுக்கு எப்பிடித் தெரியும்? கேட்டன். "பழக்கத்திலை தெரியும்" எண்டான். பயமா இருக்கு. அவனை நினைச்சும் பயம், அந்தப் பிள்ளையளை நினைச்சும் பயம்.

கடைசியா ஒரு உடன்படிக்கை. வாற சனி ரேஜான்ரை காணியிலை ஒரு சுத்து. நான் தடி நட்டுக்கொண்டு நிப்பன். தடிக்கு நேரை நிப்பாட்டினால் நான் வாய் திறக்கேல்லை. பிழைச்சால் லொறித் திறப்பை என்ரை கையிலை தந்திட்டு என்னோடை டொக்டரிட்டை வரவேணும். சாமிப்படத்தைத் தொட்டு சத்தியம் பண்ணினான். நானும் பண்ணினன். ஏன் பண்ணினன் எண்டு இப்ப யோசிக்கிறன்.

மே 14, புதன்

பெடலைத் தள்ளி ஒட்டி முடிஞ்சுது. பூட்ஸுக்கு அளவு. போல்ட் எல்லாம் ரெண்டாந்தரம் இறுக்கினன். வேலையிலை கவனம் இல்லை, கையிலை சுட்டுக்கொண்டன். சின்னக் காயந்தான். நோகுது. நோகிறது எவ்வளவு நல்லது எண்டு இப்பதான் விளங்குது.

மே 17, சனி

மூட்டம். மழை இல்லை. ரேஜான்ரை காணி, ஒண்டரை மணித்தியால ஓட்டம், தம்பிதான் கார் ஓட்டினான். வழி முழுக்க அவன்ரை காலையே பாத்துக்கொண்டு இருந்தன். பாட்டுப் போட்டான். நான் நிப்பாட்டினன்.

காணி சேறு. தடி நட்டன். ரேஜான் எஞ்சினை இழுத்து விட்டார். தம்பி ஹெல்மெட்டோடை கையைக் காட்டினான், பள்ளிக்கூடப் பெடியன்மாதிரி. வெளிக்கிட்டான். மரத்தடியாலை திரும்பி, வேலியோரத்தாலை வந்தான். எஞ்சின் கத்திற கத்துக்கு ஓட்டம் இல்லை. ரேஜான் முகத்தைச் சுழிச்சார். எனக்கு அது ஒண்டும் படேல்லை, தடியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன்.

தடிக்கு நேரை நிண்டான். ஒரு அடி கூடக் குறைய இல்லை.

எனக்கு அழுகை வந்திட்டுது. சத்தியத்தின்படி நான் வாய் திறக்கேலாது, அதுக்குச் சந்தோசப்படுறதோ எண்டும் தெரியேல்லை.

ஹெல்மெட்டைக் கழட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியே அக்கா. சரியா நிண்டன். மிசின்தான் இழுக்குதில்லை, ரேஜானைக் கேள், எஞ்சினிலை என்னவோ பிழை."

அப்பதான் மணம் வந்துது. இரும்பு கருகின மணம். பின் அச்சிலை பிரேக் டிஸ்க் சூட்டிலை நீலம் பாய்ஞ்சு புகையுது. ரேஜான் வாளியிலை தண்ணி அள்ளி ஊத்த, சர்ரெண்டு ஆவி. எஞ்சினை அவர் பாக்கவே இல்லை. என்னைப் பாத்தார்.

குனிஞ்சு பாத்தன். என்ரை பெடலிலை அவன்ரை பூட்ஸ். பாதி அமந்து கிடக்கு. வெளிக்கிட்ட இடத்திலிருந்தே அப்பிடித்தான் வந்திருக்கிறான்.

"காலை எடு" எண்டன்.

"எடுத்திட்டன் தானே" எண்டான்.