செல்வி அளந்த பால்வெளிக் கை

என் உயிர் மச்சான் மாரி,

செல்வி ஜெயித்துவிட்டாள்! உன் அக்கா மகள் இனி டாக்டர் செல்வி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வானத்தை அளக்கிற டாக்டர். எனக்குத்தான் எழுத வராதே; நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள்.

நம் பால்வெளிக்குச் சுருள் சுருளாகக் கைகள் உண்டு, அவற்றுக்கு நடுவேதான் நாமும் இருக்கிறோம் என்று அவள் சொன்னபோது நீ என்ன கேட்டாய்? "வூட்டுக்குள்ள குந்திகினு கூரை மேல எப்படி கீதுன்னு எவளாவது வரைவாளா?" வரைந்துவிட்டாள் மச்சான். ஒரு கையின் ஒரு பகுதியை.

நாம் கரையில் குறி பார்த்துக் கடலில் மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான். படகு நகர்ந்தால் கிட்டே இருக்கும் பனை, பின்னால் தெரியும் பரங்கிமலையை விட்டு விலகும் இல்லையா? பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் ஒரு தடவை பார்க்கிறார்கள். கையில் இருக்கும் நட்சத்திரக் கூட்டம், வெகுதூரத்தில் இருக்கும் ஒளிப்புள்ளியை விட்டு ஓர் இழை விலகித் தெரியும். அந்த இழைதான் தூரத்தைச் சொல்லும். தூரங்களைப் புள்ளி வைத்துச் சேர்த்தால் கை.

பனையை வெட்டிய பிறகு நீ செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? சோழிங்கநல்லூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு நின்ற கிரேனைக் குறியாக வைத்தாய். அவர்கள் அதை நகர்த்திவிட்டார்கள். நம் வலை பாறையில் கிழிந்தது. அப்புறம் ஏலத்தில் மீன்காரிகள்கூட விடவில்லை: "இன்னா கிரேன் மாரி, மலை இன்னிக்கு எந்தப் பக்கம் கீது?"

காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் பட்டத்துக்கு முன் அவளைக் கேள்வி கேட்கும் நாள். தாம்பரத்தில் பஸ் மாறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பழைய கணக்கைவிட அந்தக் கை ரொம்பக் கிட்டே இருக்கிறது என்கிறாள் செல்வி. கேள்வி கேட்க வந்த வெளியூர்ப் பேராசிரியர் நம்பவில்லை. அவர் ஒப்புக்கொண்டால்தான் பட்டம்.

"பின்னாடி வெச்ச குறி நகரலைன்னு என்னம்மா நிச்சயம்?"

"சார், எங்க மாமா கிரேனைக் குறி வெச்சு வலையைக் கிழிச்சுக்கிட்டவர். அதனால நான் ஒரே குறியை நம்பலை. ஒவ்வொரு இடத்தையும் வேற வேற குறி வெச்சுப் பார்த்தேன். நகர்ந்ததைத் தூக்கிப் போட்டேன். மிச்சமெல்லாம் ஒரே தூரம்தான் சொல்லுது."

அறையே சிரித்தது. அவரும்தான். பிறகு எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். அந்த ஏசி அறையில் நான் விசில் அடித்துவிட்டேன் மச்சான்!

இன்னொன்று. அந்தக் கையில் எப்போதும் அதே நட்சத்திரங்கள் இருக்காதாம். தண்ணீர் ஏறி இறங்க, அலை மட்டும் போகிறதே, அப்படி. பழசு உள்ளே வந்து வெளியே போகும், நெரிசலில் புதுசு பிறக்கும். நீ இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாய்?

மிச்சத்தை அளக்க அவளை வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். "அவ்ளோ தூரம் பொட்டப்புள்ள தனியாவா?" என்று உன் அக்கா முந்தானையில் கண்ணைத் துடைக்கிறாள். நீ உயிரோடு இருந்திருந்தால் அவளை அதட்டியிருப்பாய். இப்போது அந்த வேலை என்னுடையது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிடுவேன். வாசலில் நின்று அழமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் அக்கா புருஷன்,
கோதண்டம்