பிரேக் போட்டிருக்கலாம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கூடத்தில் கயிறு கட்டி, ஃபேனுக்குக் கீழே புடவைகள்.

வக்கீல் ஆபீஸிலிருந்து குமாஸ்தா சேகர் வந்தார். ஒரு சாட்சியின் வாக்குமூலம், ஏழு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் வேண்டும். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "இல்லங்க டீச்சர், கோர்ட்டுக்கு நேரமாச்சு."

வழக்கு இது: செந்துறை ரோட்டுத் திருப்பத்தில் சுண்ணாம்புக்கல் லாரி மோதி, பைக்கில் வந்தவர் அங்கேயே இறந்துபோனார். டிரைவர் குன்னத்துக்காரர், இரண்டு பெண் குழந்தைகள். இரண்டு கோர்ட்டிலும் தண்டனை, இப்போது ஜெயிலில். இனி ஐகோர்ட், அவருக்காக நம் வக்கீல். சாட்சி, அந்தத் திருப்பத்தில் வேர்க்கடலை விற்கும் அஞ்சலை.

இரண்டு பக்கம் முடித்தேன்.

வாங்க: உளுந்து, ரீஃபில், கூடத்துக்கு பல்பு.

இன்று பேசியது பால்காரரிடமும் சேகரிடமும். நேற்று பெங்களூரிலிருந்து கார்த்தி, நான்கு நிமிடம். "சாப்ட்டியாம்மா?" "ம்." "மாத்திர?" "ம்." ஞாயிறுதோறும் இதே கேள்விகள். இதே பதில்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. புடவைகள் மாடிக்கு.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: அங்கே ரோடு வேலை நடந்துகொண்டு இருந்திருக்கும். The road must have been being repaired என்று எழுதினேன். இலக்கணப்படி சரி. இருந்தும் been being என்று யார் பேசுகிறார்கள்? முப்பது வருடம் ஒரு பிள்ளையையும் அப்படி எழுத விட்டதில்லை. அடித்துவிட்டு, repair work must have been going on. தனியாகச் சிரித்தேன். யாரிடமாவது சொல்லலாம் என்றால், இதற்குச் சிரிக்கக்கூடியவர் கார்த்தியின் அப்பா ஒருவர்தான். அவரும் இல்லை.

நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். "டிரைவர் பிரேக் போட்டிருக்கலாம்."

may have braked என்றால் போட்டிருந்தாலும் போட்டிருப்பார், எனக்குத் தெரியாது. could have braked என்றால் போட முடியும், போடவில்லை. முதலாவதில் டிரைவர் மேல் பழி இல்லை. இரண்டாவதில் அவர் குற்றவாளி. தமிழில் இரண்டுக்கும் அதே "லாம்". போர்டில் கட்டம் போட்டு may, might, could, must என்று வரிசையாக நடத்தியவள் நான். நம் மொழியில் இப்படி ஒரு குழி இருப்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை.

வக்கீலுக்கு போன் செய்தேன்.

"அந்த ஒரு வரிய வச்சுத்தான் டீச்சர் தண்டனையே. போட்டிருக்க முடியும், போடலன்னு எடுத்துக்கிட்டாங்க. நீங்க நமக்கு எது நல்லதோ அதப் போடுங்க."

"அந்தம்மா என்ன அர்த்தத்துல சொன்னாங்கன்னு தெரியாம எப்படிங்க?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?"

மதியம் சாப்பிடத் தோன்றவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா." He could have been saved. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். might, ஒருவேளை பிழைத்திருக்கக்கூடும், என்று ஒன்று இருப்பதாகவே நினைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, வாயு என்று நினைத்து சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கார்த்தியிடம்கூட.

நவம்பர் 5, புதன்

போகக் கூடாதுதான். போனேன். பத்தரை மணி செந்துறை பஸ், ஜன்னல் சீட். சோளக் காடெல்லாம் நனைந்து கிடந்தது. திருப்பத்தில் இறங்கினேன்.

அஞ்சலைக்கு ஐம்பது வயது இருக்கும். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேகவைத்த கடலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பொட்டலம் வாங்கிவிட்டு, யாரென்று சொன்னேன். முகம் இறுகிவிட்டது.

"இன்னுமா முடியல அந்தக் கேசு?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். டிரைவர் பிரேக் போட்டிருக்கலாம்னு சொன்னீங்களே, போடலன்னு சொன்னீங்களா?"

"நான் எங்கங்க பாத்தேன்! குனிஞ்சு பொட்டலம் மடிச்சிக்கிட்டு இருந்தேன். சத்தங் கேட்டுத்தான் நிமிந்தேன். பிரேக்கு போட்டானான்னு கேட்டாங்க. போட்டாலும் போட்டிருக்கலாம், எனக்குத் தெரியாதுன்னேன்."

"தெரியாதுன்னு அதுல எழுதலையே."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கைநாட்டு வச்சேன்." சற்று நேரம் கடலையைக் கிளறினாள். "அப்ப அந்த ஆளு உள்ள கெடக்குறது என் பேச்சாலயா?"

உங்களால் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. பொட்டலத்துக்கு நான் நீட்டிய காசையும் வாங்கவில்லை. பஸ் வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கல் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் திருப்பத்துக்கு வரும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை. வெளியே போகவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்தது. அந்த வரிக்கு may have. கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: இந்தத் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, எதுவென்று இந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அஞ்சலை நேரில் சொன்னதை எழுதவில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை.

யாரும் வரவில்லை. பால்காரரும் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

நவம்பர் 7, வெள்ளி

வக்கீல் ஆபீஸ். செந்துறை போனதைச் சொன்னேன். வக்கீல் பேனாவை மேசையில் எறிந்தார்.

"சாட்சியப் போயி பாத்தீங்களா? எதிர்த் தரப்புக்குத் தெரிஞ்சா கேஸே கெட்டுப்போயிடும் டீச்சர். உங்களுக்கு ஏன் இந்த வேல?"

தலை குனிந்து நின்றேன். இனி வேலை தர மாட்டார், சேகரும் வீட்டுப் பக்கம் வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கீழ்க்குறிப்பைப் படித்தார். மறுபடி படித்தார். குரல் இறங்கிவிட்டது.

"ரெண்டு அர்த்தம்னா சந்தேகம். சந்தேகத்தோட பலன் நம்ம ஆளுக்குத்தான். இந்தக் குறிப்பு இருக்கட்டும். நீங்க பஸ்ல எங்கயும் போகல, சரியா?"

வெளியே பெஞ்சில் டிரைவரின் மனைவி, மடியில் சின்னப் பெண். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கார்த்திக்கு நானே போன் செய்தேன். "என்னம்மா, வெள்ளிக்கிழம கூப்புடற? ஒடம்பு சரியில்லையா?" நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சீரகத் தண்ணீர், ஒன்றரை மணி நேரம், டாக்டர் சொன்ன வார்த்தை.

அவன் குரல் உடைந்து வந்தது.

"அப்பா அன்னிக்குக் காலையில எனக்கு போன் பண்ணாரும்மா. ராத்திரியிலேருந்து நெஞ்சு வலிக்குதுன்னாரு. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னாரு. நானும் ஆபீஸ் கெளம்புற அவசரத்துல விட்டுட்டேன். ஒரு போன் பண்ணி உங்கிட்ட சொல்லியிருக்கலாம்மா."

இதற்கு ஒரே அர்த்தம்தான்.

மூன்று வருடம். ஞாயிறுதோறும் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டது இதனால்தானா.

"நீ சின்னப் புள்ளடா," என்றேன். முப்பத்திரண்டு வயது அவனுக்கு. அழுதான். நானும். இருவருமே போனை வைக்கவில்லை. அவன் பக்கம் குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வா என்றேன். அணைத்துவிட்டு வந்தான்.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறானாம். அவன் அறைக் கட்டில் முழுக்க என் பழைய நோட்டுகள். எடுத்து வைக்க வேண்டும்.