பதினோரு மாசம் முடியட்டும் என்றேன்

என் மாடி வீட்டுத் தங்கச்சி விஜயாவுக்கு,

நீ போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போது எழுதுவதையும் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் யாராவது படிக்கட்டும்.

பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி, என் வீட்டுக்காரர் துபாயில் உழைத்துக் கட்டியது. கீழே நான் இருந்தேன். மேலே நீ, உன் புருஷன் சேகர், ஆறு வயது நித்யா. சேகர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பாதியிலேயே திரும்பி வந்தவன். இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் நீ வாங்கிய டீச்சர் சம்பளத்தில்தான் உன் குடும்பம் ஓடியது. அதனால் அக்ரிமெண்ட்டும் உன் பேரில். பதினோரு மாசம். நீ கையெழுத்துப் போட்டாய், சாட்சிக் கையெழுத்தை அவன் போட்டான்.

முதல் மாசமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஸ்கூல் விட்டு வந்து அரை மணி நேரத்தில் மேலே சத்தம் கேட்கும். நாற்காலி விழும், பாத்திரம் உருளும், உன் தலை சுவரில் மோதும். நித்யா படி இறங்கி வந்து என் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். கேபிள் வந்த புதுசு, எந்நேரமும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் உன் காது மடல் கிழிந்து தோடு இல்லாமல் வந்தாய். இன்னொரு நாள் துணி காயப்போடும்போது ரவிக்கைக்குக் கீழே, முதுகில், இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. “என்னம்மா இது?” என்று கேட்டேன். “தெரியாம பட்டுடுச்சுக்கா” என்றாய். முதுகில் எப்படிம்மா தெரியாமல் படும்? நான் அதைக் கேட்கவில்லை.

நாலாவது மாசம், காலாண்டு லீவு தொடங்கிய அன்று, அவன் வெளியே போன சமயம் பார்த்து வந்தாய். உன் வலது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“அக்கா, நான் குத்தாலத்துக்கு, சித்தி வீட்டுக்குப் போயிடறேன். அங்க ஒரு ஸ்கூல்ல வரச் சொல்றாங்க. அக்ரிமெண்ட்ல இருந்து என்னை விட்டுடுங்க.”

“பதினோரு மாசம் முடியலையேம்மா.”

“தெரியுங்கக்கா. அட்வான்ஸ்ல என்ன வேணும்னாலும் பிடிச்சுக்குங்க. நான் போனப்பறம் வாடகை கேட்டு நீங்க ஸ்கூல்ல வந்து நிக்கக் கூடாது, அவ்வளவுதான். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னை விட மாட்டாரு.”

“அவங்க அத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றேன். என் வீட்டுக்காரரைத்தான் அப்படிச் சொன்னேன். போனில் கேட்டதற்கு, “புருஷன் பொண்டாட்டி சண்டையில நாம எதுக்குத் தலையிடணும்? பதினோரு மாசம் முடியட்டும். இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லட்டும். அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளு” என்றார்.

கேட்டேன் விஜயா. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். தெரு ஆம்பளைகள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். சேகர் படி இறங்கி வந்தான். நித்யா என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “என்ன தம்பி, காலி பண்ணப் போறீங்களாமே? விஜயா சொல்லிச்சு” என்றேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “அப்படியா சொன்னா?” என்றான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி மேலே போனான். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நீ மூணு தடவை “ஜொஹராக்கா” என்று கூப்பிட்டாய். அன்றைக்கு நான் டிவி போடவில்லை. ஓடி வந்து கதவைத் தட்டினேன், உதைத்தேன். என்னிடம் மாற்றுச் சாவி இருந்தது, தாழ்ப்பாளுக்கு அது எதற்கு ஆகும்? உலக்கையைத் தூக்கி வந்து இடித்தேன். உள்ளே மரக்கட்டையில் அடிப்பதுபோல ஒரு சத்தம், மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. அதற்குமேல் உன் குரல் இல்லை. அவனே கதவைத் திறந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கையில் அம்மிக் குழவி. “இப்ப எடுத்துக்குங்க உங்க வீட்ட” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

உன்னைக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். உன் தலை என் மடியில் இருந்தது. பிளந்த இடத்தில் என் முக்காட்டை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன், ரத்தம் நிற்கவில்லை. “நித்யா?” என்றாய். “எங்க வீட்லதான் இருக்கும்மா” என்றேன். ஒரத்தநாடு தாண்டுவதற்குள் உன் கை குளிர்ந்துவிட்டது.

அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜெயிலிலேயே செத்தும் போய்விட்டான். கோர்ட்டில் நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர. “அந்தம்மா வீட்டை விட்டுப் போகப் போறது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று வக்கீல் கேட்டார். “எனக்குத் தெரியாதுங்க” என்றேன். அல்லாஹ்வின் பேரில் உண்மை சொல்வதாகச் சொன்ன அதே வாயால் சொன்னேன்.

அப்புறம் ரெண்டு வருஷம் மாடியைப் பூட்டியே வைத்திருந்தேன். மறுபடி வாடகைக்கு விடும்போது ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். உன் பேரைச் சொல்லாமல், இப்படி ஒருத்தி நடுவில் போக வேண்டும் என்றால் சட்டம் விடுமா என்று கேட்டேன். “ரெண்டு தரப்பும் சம்மதிச்சா எந்த அக்ரிமெண்ட்டையும் அன்னைக்கே முடிச்சுக்கலாங்க. வீட்டு ஓனர் சரின்னு சொன்னாப் போதும்” என்றார். நான் சரி என்று சொல்லியிருந்தால் போதும்.

இப்போது என் வீட்டு அக்ரிமெண்ட்டில் ஒரு வரி இருக்கிறது. குடியிருக்கும் பெண்ணை வீட்டில் யாராவது அடித்தால் அவள் எந்த நாளும் காலி செய்யலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், அட்வான்ஸ் முழுசாக அவள் கையில் தரப்படும், எங்கே போனாள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். டைப் அடித்தவர், “இப்படி யாரும் எழுத மாட்டாங்களேம்மா” என்றார். “நான் எழுதுவேன், அடிங்க” என்றேன்.

அந்த வரியை வைத்து ஒருத்தி போனாள். ரேவதி, நர்ஸ். ஒரு காலைப் பொழுதில் உதட்டில் ரத்தத்தோடு வந்து நின்றாள். பத்து நிமிஷத்தில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். மத்தியானம் அவள் புருஷன் வந்தான். “எங்கடி அனுப்புன?” என்று என் முடியைப் பிடித்துப் படியில் தள்ளினான். தோள் எலும்பு உடைந்தது. வயிற்றில் மிதித்தான். நான் வாயே திறக்கவில்லை. தெருக்காரர்கள் வந்து பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். ரேவதி உயிரோடு இருக்கிறாள். இதைச் சொல்லி உன்னிடம் மன்னிப்பு வாங்கப் பார்க்கிறேனா? தெரியவில்லை.

நித்யா குத்தாலத்தில் உன் சித்தி வீட்டில்தான் வளர்ந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. போன வாரம் போன் பண்ணினாள்.

“பெரியம்மா, எனக்குக் கல்யாணம். ஞாயித்துக்கிழமை பத்திரிகை வைக்க வரேன். மணமேடையில அம்மா இடத்துல நீங்கதான் நிக்கணும். கடைசி வரைக்கும் அம்மா உங்க மடியிலதானே இருந்தாங்க.”

“வாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அந்த இடத்தில் நிற்க நான் யார், விஜயா? நான் சொல்லாமல் விட்டது தெரியாமல், என்னை நம்பிக்கொண்டு வருகிறாள். என் வீட்டுக்காரர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். “இத்தனை வருஷம் கழிச்சு அந்தப் புள்ள மனச எதுக்கு உடைக்கிற?” என்கிறார். அவர் அன்று சொன்னதைக் கேட்டேன். இன்று கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும், அந்தப் பத்திரிகையை நான் கையால் தொடுவதற்கு முன்னால், சொல்லிவிடுவேன். “உங்கம்மா வீட்டை விட்டுப் போகப் போறத உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு என்கிட்ட சொன்னா. நான் உங்கப்பாகிட்ட சொன்னேன்” என்று, நின்றுகொண்டே, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அவள் காறித் துப்பினாலும் சரி, அடித்தாலும் சரி, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாலும் சரி. இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ மூணு தடவை கூப்பிட்ட,
ஜொஹரா அக்கா