பந்தியிலிருந்து எழுந்துபோனவர்

புதுச்சேரி,
12.2.2007

திருப்பூரில் இருக்கும் மகள் கலைமகளுக்கு,

இங்கே சாரம் பகுதியில் இருந்த வாடகை அறையிலிருந்து உன் அப்பாவின் உடலைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அதுவரை பார்த்தேயிராத என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அந்த விக்தோரின் எழுதுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? பஸ்ஸில் கூட்டமாக இருந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்கப்பாவுக்கு இத்தன வருஷம் சோறு போட்டிருக்கீங்கம்மா” என்று சொன்னாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்படி ஆட்டியது பெரிய பொய், மகளே.

மில்லில் ஆட்களை நிறுத்திய பிறகு உன் அப்பா எங்கள் மாதா கோயிலில் ஏழைகளுக்குப் போடும் மதியச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தார். ஐந்து வருடம். துவைத்த சட்டையோடுதான் வருவார். தன் தட்டைக் கழுவிவிட்டு, நடக்கமுடியாத இரண்டு பேர் தட்டையும் கழுவிவைப்பார். பந்தி என் பொறுப்பு.

கிறிஸ்துமஸ் முடிந்ததும், பிரான்சிலிருந்து உதவி அனுப்புகிறவர்கள் சாப்பிடுகிற ஒவ்வொருவரின் படமும் வேண்டும் என்று கேட்டார்கள். ஃபாதருக்கு மனமில்லை. நான்தான் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்றேன். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நான் இன்னும் வேலைக்குப் போறேன்னுதான் மாப்ள வீட்ல நெனச்சிக்கிட்டிருக்காங்க. சோத்த வேணா கம்மியாப் போடுங்க. போட்டோ மட்டும் வேணாம்மா.”

“ஒருத்தர விட்டா எல்லாரும் கேப்பாங்க” என்றேன். பின்னால் வரிசை நின்றது. பசி அவசரத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் சாப்பிடாத தட்டை அடுக்கில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வரவில்லை. பசித்தால் தானாக வருவார் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அப்படித்தான் நினைத்தேன். சாரம் எவ்வளவு தூரம்? சைக்கிளில் ஆள் அனுப்பியிருக்கலாம். பதினெட்டாம் நாள், அவர் இறந்துவிட்டார் என்று அறையை வாடகைக்கு விட்டவர்தான் சொல்லியனுப்பினார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். பக்கத்து அறை பலராமனோ, கடைசி வாரம் டீயும் பன்னும்தான், கேட்டால் வயிறு சரியில்லை என்பார் என்று சொன்னார். எதனால் போனார் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் தூங்குவதில்லை என்று மட்டும் தெரியும்.

அவர் மறைத்ததும் மிச்சமில்லை. அன்று துக்கத்துக்கு வந்த எங்கள் ஆட்களே உன் வீட்டுக்காரர் எதிரில் எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள்.

ஃபாதர் படங்களை அனுப்பவில்லை. உதவி நின்றுவிட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் அடுப்பு எரிகிறது. மற்ற நாட்களிலும் சிலர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பந்திப் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. உன் அப்பா எழுந்துபோன அந்தப் பந்தி வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். நிற்கிறேன்.

அறையைக் காலி செய்தபோது கொடுத்த அப்பாவின் பெட்டி என்னிடம் இருக்கிறது. இரண்டு வேட்டி, மில் அடையாள அட்டை, உன் கல்யாணப் பத்திரிகை. இங்கே வரப் பிடிக்காவிட்டால் சொல், நானே கொண்டுவந்து தருகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது. பதில் வராவிட்டாலும் உன்மேல் குறை சொல்லமாட்டேன்.

உன் பிள்ளைகள் யார் முன்னாலும் தட்டோடு நிற்காமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
விக்தோரின்