பாலே நடன வகுப்புக்கு நான் வரவோ, விடவோ

"அம்மா வந்தா நான் பாலே டான்ஸ் வகுப்புக்குப் போகமாட்டன், அப்பா. எல்லாரும் சிரிக்கினம்."

"கொம்மா ஒரு மூலையில நிண்டு பழகட்டுமன். உனக்கென்ன குறையுது?"

சுவேதினி, நீயும் அப்பாவும் விடிய கதைச்சது குசினிக்குள்ள எனக்குக் கேட்டது.

இதை எழுதி வைச்சிட்டு நான் நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போறன். சூடை மீன் குழம்பு அடுப்பில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு. ரியூசனுக்குப் போகேக்க வீட்டைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டு எடித் அன்ரியிட்டக் குடு.

போன சனிக்கிழமை வகுப்பில முழங்காலை மடக்கச் சொல்லி ரீச்சர் சொன்னவுடன எனக்குக் கோயில் பழக்கம் வந்திட்டுது, பிள்ளை. ஒரு முழங்கால் நிலத்தில குத்த, கை தன்பாட்டில நெத்திக்குப் போய் சிலுவை அடையாளம் போட்டிட்டுது. ரெண்டு குதியும் நிலத்தில இருக்க, முதுகை நிமித்தி மெல்ல பதியோணும் எண்டு ரீச்சர் பிறகுதானே காட்டினவ. நீ வெக்கத்தில தலை குனிஞ்சதைக் கண்டனான்.

இப்பவெல்லாம் கையில அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு குசினியில பழகிறன். கை நெத்திக்குப் போறேல்ல.

நாள் முழுக்க நிண்டு நண்டு உடைச்சு கால் ரெண்டும் விறைச்சுப் போகுது. களைச்சுப்போய்த்தான் வகுப்புக்கு வாறனான். எண்டாலும் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு குதியை உயர்த்தேக்க எனக்குச் சந்தோசமா இருக்கு. ஏனெண்டு சொல்லத் தெரியேல்ல.

வலை பொத்துற வஸீர் அண்ணை வந்தா, கிழிஞ்ச வலை பின்பக்கம் கிடக்கெண்டு சொல்லு.

இன்னொண்டு. சனிக்கிழமை நான் வரவோ, விடவோ எண்டு இதுக்குக் கீழ எழுதி வை. வேண்டாமெண்டாலும் கோவிக்கமாட்டன். அப்பாவிட்டச் சொல்லி விடாத மகள், நீயே எழுது.