மரகதம் குசினியில் சொன்னது

பலெர்மோ,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுலக்சனாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், சீசெல்சில் வேலைக்கு நிற்கிற நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் நிற்பார், அதனால்தான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ விரும்பின தேவனின் தாய் தகப்பன் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து இங்கே சம்பந்தம் கதைக்க வந்தார்கள். சனி முழுக்கப் பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்கிற சிஞ்ஞோரா அம்மா வீட்டுப் படிகளைத் துடைத்த களைப்போடு வடை சுட்டேன். தகப்பன் நல்ல மனிதர்தான். தட்டுத் தடுமாறிய தமிழில், தன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து சீசெல்சுத் தீவுக்குக் கப்பலேறித் துணிமூட்டை சுமந்து விற்றதையும், கடை வைத்ததையும், பிறகு நிலம் நிலமாக வாங்கியதையும், இப்போது மொத்த வியாபாரம், ஹோட்டல் என்று பெருகி மந்திரிமாரே வீட்டுக்கு வந்துபோவதையும் சொன்னார். கூலி வேலைக்கு வந்த எங்களுக்கு இப்படி ஒரு இடமா என்று அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணி போட நான் குசினிக்குப் போக, தாய் மரகதமும் பின்னால் வந்தார். தஞ்சாவூரிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர், கணக்கியல் படித்தவர். மெல்லத்தான் சொன்னார், "அந்தப் பூட்டன் சம்சாரத்தோட நகையை வித்துதான் முதல் கடையே வந்துச்சு, என் மாமியார் கல்லாவுல உக்காந்தாங்க, இப்ப மொத்தக் கணக்கும் நான் பாக்குறேன், ஆனா எந்தப் பத்திரத்துலயும் எங்க பேரு இல்ல, உங்க பொண்ணையும் வேலையை விட்டுட்டு வரச் சொல்லுவாங்க" என்று. சொல்லிவிட்டு வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே போனார்.

அதற்குள் அப்பா தையிலேயே நாள் வைப்பம் என்று தொடங்கிவிட்டார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "பிள்ளை வேலையை விடமாட்டாள், அதுக்கு ஓம் எண்டால் நாள் பாப்பம்" என்றேன். தகப்பன் கோபப்படவில்லை, "வீட்டுக்கு வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மரகதம் வெறும் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து அப்பா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கும் அலுத்துவிட்டது பிள்ளை. நீ வசதியாக வாழ்ந்தால் எனக்குக் கசக்குமா? ஆனாலும் நான் படி துடைக்கிற வேலை ஒப்பந்தத்தில், அந்தக் கொன்ட்ராத்தோவில், என் பெயர்தான் இருக்கிறது, நாளைக்குப் பென்சனும் என் பெயருக்குத்தான் வரும். தேவன் நல்ல பெடியன், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் வேலையையும் சொத்தில் உன் பங்கையும் பற்றி அவனிடம் நீயே நேரே கேள். தகப்பனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவன் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்.

அம்பாள் உனக்குத் துணையிருப்பாள். தலைக்கு எண்ணெய் வை, அப்பாவுக்குத் தனியாக ஒருக்கால் போன் எடு. மனம் ஒப்பாவிட்டால் யோசிக்காமல் வா. உன் கட்டிலில் தோய்த்த உடுப்புகளைக் குவித்து வைத்திருக்கிறேன், ஒதுக்கிவிடுகிறேன்.

அலுப்போடும் ஆசியோடும்,
உன் அம்மா
அம்பிகை